'அந்தப் பொண்ணு' என்ற பெயரைக் கழற்றிவைக்க: பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வரும் கேள்விகள்

எங்கள் மாவட்டத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு சின்னக் குழுவாக இருக்கிறோம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போவதுதான் எங்கள் வேலை. போகிற வழியில், பஸ்ஸில், டீக்கடை பெஞ்சில், ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கலாம்.

இதையெல்லாம் சொல்ல நீங்கள் யார்?

எனக்கும் நடந்தது. 20 வயதில், நன்றாகத் தெரிந்த ஒருவரால். இப்போது எனக்கு 44. நடந்தது பற்றி இங்கே அதற்குமேல் எழுதப்போவதில்லை. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் என் பெயர் காணாமல் போய்விட்டது. அதுவரை நான் கணக்கில் கெட்டிக்காரி, வாயாடி, மோட்டார் கொட்டகை மேலே ஏறிக் கிணற்றில் குதிப்பவள். அப்புறம் "அந்தப் பொண்ணு". "அந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு நிக்குது", "அந்தப் பொண்ணு வீட்ல விசேஷமாம்". அனுதாபத்தோடு சொன்னவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நடந்ததைவிட இந்தப் பெயர்தான் என்னை அதிக காலம் வாட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

'கற்பழிப்பு' என்று எழுதினால் ஏன் கோபப்படுகிறீர்கள்? வெறும் சொல்தானே?

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கொலை, கொள்ளை, திருட்டு என்று கேட்டதும் செய்தவன் கண்ணில் தெரிகிறான். 'கற்பழிப்பு' என்றதும் தெரிவது இழந்தவள் மட்டும். அவளிடம் ஏதோ ஒன்று இருந்ததாம், அது அழிந்துவிட்டதாம், இனி அவள் அது இல்லாதவளாம். தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே சொல் அவளுக்குத் தண்டனை கொடுத்துவிடுகிறது. சட்டத்தில் கற்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்மதம் இருந்ததா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. கற்பைப் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்தது என்ன நியாயம் என்று பெரியார் 1920களிலேயே கேட்டாயிற்று.

'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று இப்போது பல பத்திரிகைகள் எழுதுகின்றன. நல்லது. ஆனால் வீட்டுப் பேச்சில் "கெடுத்துட்டான்", "கெட்டுப்போயிட்டா", "வாழ்க்கையே போச்சு" எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் குழுவில் ஒரு அக்கா உண்டு. யாராவது இப்படிச் சொன்னால், "பால் கெட்டுப்போகும், மீன் குழம்பு கெட்டுப்போகும். மனுஷி எப்படிடி கெட்டுப்போவா?" என்று கேட்பார். பதில் சொன்னவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் கத்தவில்லை, தள்ளிவிடவில்லை. கல்லு மாதிரி கிடந்தேன். அப்படியென்றால் நானும் சம்மதித்த மாதிரிதானே?

இல்லை. எங்களிடம் அதிகம் பேர் கேட்பது இந்தக் கேள்விதான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும் அல்லது ஓடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: உறைந்துபோவது. கை கால் அசையாது, தொண்டையிலிருந்து சத்தம் வராது, சில பேருக்கு நடப்பதைத் தூரத்தில் நின்று பார்ப்பது போலிருக்கும். இதை யாரும் யோசித்து முடிவுசெய்வதில்லை. பயம் ஒரு அளவைத் தாண்டும்போது மூளை தானாகச் செய்வது இது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பிறகு அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தார்கள். அதாவது பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். சினிமாவில் காட்டுகிற மாதிரி நகத்தால் கீறித் தப்பிப்பது அபூர்வம்.

இந்த உண்மை தெரியாததால் நம் நாட்டில் ஒரு பெரிய அநியாயமே நடந்தது. 1972இல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமி போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு போலீஸ்காரர்களால் தாக்கப்பட்டாள். மதுரா வழக்கு என்பார்கள். உடம்பில் காயம் இல்லை, எதிர்ப்புக் காட்டியதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதைச் சட்டத்துக்குப் புரியவைக்க அவ்வளவு பாடு. 2013 திருத்தம் இன்னும் தெளிவாகச் சொன்னது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது.

எனவே அடுத்த தடவை ராத்திரி மூன்று மணிக்கு மனசு உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தால், சட்டமே கேட்கக் கூடாத கேள்வியை அது கேட்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நடந்து ஒரு நாள்தான் ஆகிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பான ஒரு இடம், நம்பிக்கையான ஒரு ஆள். அப்புறம் ஆஸ்பத்திரி. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏனென்றால் சில மருந்துகளுக்கு மணிக்கணக்கு உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு, தனியார் எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். "முதல்ல எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டுவாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும். அது அவர்கள் கடமை. ஆனால் தடயத்துக்கான பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். சிகிச்சையை மட்டும் ஏற்றுக்கொண்டு பரிசோதனையை மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெண்ணுறுப்புக்குள் விரலை விட்டு 'உறவுக்குப் பழகியவளா' என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை என்ற அந்தக் கேவலத்தை யாராவது செய்தால் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முடிந்தால் குளிக்காமல் போங்கள். அன்றைக்குப் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, போங்கள். குளிக்கத் தோன்றாதவர்களை நான் பார்த்ததில்லை.

181க்குப் போன் செய்தால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். அவசரத்துக்கு 112, குழந்தை என்றால் 1098.

புகார் கொடுக்காவிட்டால் நான் கோழையா?

கிடையாது. நானே கொடுக்கவில்லை. அதற்காக ரொம்ப வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன்; இப்போது விட்டுவிட்டேன். புகார் கொடுத்தவர்களோடு நூறு முறை படியேறிய பிறகு சொல்கிறேன், இரண்டுமே கஷ்டமான வழிதான்.

கொடுப்பதென்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், "எங்க லிமிட்ல வராது" என்று திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். உங்கள் பழைய வாழ்க்கையையும் நடத்தையையும் கிளறிக் கேட்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுமதி இல்லை. பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், எண் 15100. இழப்பீட்டுக்கும் அங்கேதான் மனு போட வேண்டும். 2018இல் வந்த தேசியத் திட்டத்தில் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை என்று இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்க வெட்கப்படும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட், லீவு போட்ட சம்பளம், பாதியில் நின்ற படிப்பு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்றுதான் பயம்.

சட்டப்படி வரக் கூடாது. 1983 திருத்தத்தில் வந்த பாதுகாப்பு இது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. பெயரையோ அடையாளம் தெரியும்படியான எதையுமோ வெளியிட்டால் 2 வருஷம் வரை சிறை. பெயரைச் சொல்லாமல் தெரு, கல்லூரி, அப்பா வேலை என்று எழுதி ஊகிக்க வைப்பதும் தவறுதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. (மதுரா வழக்கு என்று மேலே எழுதினேன், கவனித்தீர்களா? அந்தச் சிறுமிக்காகப் போராடிக் கிடைத்த பாதுகாப்பு அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வழக்குக்கே அவள் பெயர்தான்.)

ஆனால் நடப்பில் பெயர் கசியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 2019இல் பொள்ளாச்சி வழக்கில், காக்க வேண்டியவர்களிடமிருந்தே புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் பரவியது. இரண்டு வழக்கிலும் உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கசிந்த பிறகு வந்த காசு. ஆனாலும் இரண்டு வழக்கிலும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெயர் கசிந்துவிட்டால் என்ன செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். 1930 எண்ணிலோ சைபர் கிரைம் இணையதளத்திலோ புகார் கொடுக்கலாம். வழக்கு நடத்தும் வக்கீலிடமும் சொல்லுங்கள். அது தனிக் குற்றம்.

பெயரைத் தாங்களே வெளியே சொன்னவர்கள் இருக்கிறார்களே, அதுதான் உண்மையான தைரியமா?

தைரியம்தான். ஆனால் எல்லோருக்கும் கட்டளை கிடையாது.

சூசெட் ஜோர்டானைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொல்கத்தாக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா. 2012 பிப்ரவரியில் ஓடும் காருக்குள் அவருக்கு அது நடந்தது. முதலமைச்சரே ஜோடிக்கப்பட்ட சம்பவம் என்று பேசினார். ராத்திரியில் அவருக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு ஊரே கேட்டது. ஒன்றேகால் வருஷம் பத்திரிகைகளில் அவர் பெயர் 'பார்க் ஸ்ட்ரீட்டில் பாதிக்கப்பட்ட பெண்'. ஒரு தெருவின் பெயரைத் தூக்கி அவருக்கு வைத்துவிட்டார்கள். 2013 ஜூனில் இன்னொரு பெண்ணின் கொலையைக் கண்டித்து நடந்த போராட்டத்துக்கு வந்தவர், முகத்தை மறைக்காமல் தன் பெயரைச் சொன்னார். நான் ஏன் ஒளிய வேண்டும், தப்பு செய்தவன் ஒளியட்டும் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

அதோடு கதை இனிதாக முடியவில்லை. அடுத்த வருஷம் ஒரு ஓட்டலில் அவரை யாரென்று தெரிந்துகொண்டு உள்ளே விட மறுத்தார்கள். 2015 மார்ச் 13 அன்று மூளைக் காய்ச்சலில் இறந்தார், வயது 40. அந்த டிசம்பரில்தான் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. ஆனால் இன்று அவரைத் தேடினால் தெருவின் பெயர் பின்னாலும் அவர் பெயர் முன்னாலும் வருகிறது. அதை அவர் சம்பாதித்துக்கொண்டு போனார்.

பிரான்சில் ஜிசெல் பெலிகோ. கணவனே மருந்து கொடுத்து மயக்கி, வருஷக்கணக்கில் அந்நியர்களை வீட்டுக்கு வரவழைத்தான். மூடிய அறையில் விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு இருந்தும் கதவைத் திறந்துவையுங்கள் என்றார். வெட்கப்பட வேண்டியவர்கள் பக்கம் வெட்கம் போகட்டும் என்றார். 2024 டிசம்பர் 19 அன்று கணவன் உட்பட 51 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்போது அவருக்கு 72 வயது.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு உடம்பு சிலிர்த்தால் சரி. "நாமும் சொல்லவில்லையே" என்று குற்ற உணர்ச்சி வந்தால், அதற்காக அவர்கள் சொல்லவில்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. அன்றைக்கு உங்களைக் கேட்காமல் ஒன்று நடந்தது. சொல்லும் விஷயத்திலாவது உங்களைக் கேட்காமல் ஒன்றும் நடக்க வேண்டாம்.

எத்தனை நாளில் சரியாகும்?

இதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1992இல் வெளியான ஒரு ஆய்வில் வன்புணர்வுக்கு ஆளான 95 பெண்களை வாராவாரம் பார்த்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 94 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை, திடுக்கிடல், நடந்தது மறுபடி கண்முன் ஓடுவது எல்லாம் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. அதாவது ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும், பாதிப் பேருக்குத் தானாகவே தணியும், மீதிப் பேருக்கு உதவி வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் உங்களிடம் குறை என்று அர்த்தமில்லை. டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் எல்லோரும் "மறந்துடு" என்கிறார்கள்.

அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் மறக்க முயற்சி செய்வதற்கே நாள் முழுக்க அதை நினைக்க வேண்டியிருக்கும். இந்தக் காயத்துக்குச் சிறந்த சிகிச்சைகளாக நிரூபிக்கப்பட்டவை எதிர்த்திசையில் போகின்றன: பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு, பாதுகாப்பான அறையில், நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் பேசுவது, "என்னால்தான்" என்று ஒட்டிக்கொண்ட எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. மூன்று நான்கு மாதம் வாரம் ஒரு முறை போனால் பலருக்குத் தெளிவு தெரியும். சிலருக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரை எழுப்புங்கள். அந்த எண்ணம் வந்து போன பலரோடு நான் இப்போதும் டீ குடிக்கிறேன்.

கோயிலில் மந்திரிப்பது, தாயத்து கட்டுவது? மனசுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். "தோஷம் கழிக்கணும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களிடம் தோஷம் எதுவும் ஒட்டவில்லை.

திடீரென்று ஒரு வாசனை, ஒரு சத்தம் வந்தால் உடம்பு நடுங்குகிறது.

எனக்கு அது ஒரு ஷேவிங் கிரீம் வாசனை. சலூன் இருக்கும் தெருவில் பதினொரு வருஷம் நடந்ததில்லை.

அந்த நேரத்தில் மூளை இன்றைக்கும் அன்றைக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறுகிறது. தேதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செருப்பைக் கழற்றித் தரையில் காலை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். இன்றைய தேதி, இருக்கிற ஊர், உங்கள் இப்போதைய வயது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். கைப்பையில் ஒரு துண்டு இஞ்சியோ இரண்டு கிராம்போ வைத்துக்கொள்வேன். கடித்தால் காரம் இன்றைக்கு இழுத்து வந்துவிடும்.

என் உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை. கண்ணாடி பார்க்கவும் பிடிக்கவில்லை.

சில பேர் முடியை வெட்டிக்கொள்வார்கள். சில பேர் தொளதொளவென்று உடுப்பார்கள். எடை ஏறும், இறங்கும். நான் தண்ணீருக்குள் இறங்குவதை நிறுத்திவிட்டேன். ஊரிலேயே நல்ல நீச்சல்காரி, பதினொரு வருஷம் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத்துணி உடம்பில் ஒட்டுவதை யாராவது பார்ப்பார்களோ என்ற பயம்.

31 வயதில் ஒரு சித்திரை வெயிலில், சித்தி மகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவள் இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டி இறக்கிவிட்டு நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். "நீ இறங்கலனா நானும் ஏறிடுவேன்" என்று அழுதாள். இறங்கினேன். முதல் நாள் முழங்கால் வரைக்கும்தான். பத்தாம் நாள் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்தேன். காதுக்குள் தண்ணீர் போய் இரண்டு நாள் வலித்தது. பெரிய நிம்மதியாக இருந்தது.

எல்லோருக்கும் கிணறு வேண்டியதில்லை. அதற்கு முன்னால் உங்கள் உடம்பு ஆசைப்பட்டுச் செய்த ஒன்றை யோசியுங்கள்: சைக்கிள் மிதிப்பது, கோலம் போடுவது, கபடி, மாவு பிசைவது. முழங்கால் அளவு இறங்கினால் முதல் நாளுக்குப் போதும்.

அம்மாவிடம் சொன்னால் "வெளியே சொல்லாதே" என்கிறார். என்னைவிட மானம்தான் பெரிதா?

கேட்கவே வலிக்கிறது, எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அம்மாக்களுக்கு அவர்கள் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்தது அது. சில பேர் மெதுவாக மாறுகிறார்கள். நடந்து நாலு வருஷம் கழித்து என் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே, "அன்னைக்கு நான் உன் பக்கம் நின்னிருக்கணும்" என்றார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாறாத அம்மாக்களும் உண்டு. அப்போது அத்தை, டீச்சர், தோழி என்று கேட்கிற ஒரு காதைத் தேட வேண்டியதுதான்.

கட்டிக்கப்போகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

கடமை எதுவும் இல்லை. சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். பாவமன்னிப்பு கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். கேட்டதும் அவர் முதலில் உங்களைப் பற்றிக் கேட்கிறாரா, அவனைப் பற்றி நோண்டுகிறாரா என்று பாருங்கள். நிறைய தெரிந்துவிடும். செய்தவனுக்கே கட்டிவைக்கலாம் என்று பஞ்சாயத்து பேச வந்தால் வாசலோடு அனுப்ப வேண்டும்; எவ்வளவு பெரிய மனுஷர் வந்தாலும் சரி.

செய்தவர் என் கணவரே.

18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் இதை வன்புணர்வு என்று நம் சட்டம் இன்னும் சேர்க்கவில்லை. அது சட்டத்தின் குறை. உங்கள் வலி பொய்யாகிவிடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமை வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, செலவுக்குப் பணம் எல்லாம் கேட்கலாம். கருக்கலைப்புச் சட்டத்தின் தேவைக்கு மட்டும், கணவன் கட்டாயப்படுத்தியதையும் வன்புணர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான் ஆண். இந்தப் பக்கத்தில் எனக்கு இடம் உண்டா?

உண்டு, தம்பி. 18 வயதுக்குள் நடந்திருந்தால் போக்சோ சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. அதற்கு மேல் என்றால் வன்புணர்வுப் பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆணுக்கு நடந்த வன்கொடுமைக்கும் வழக்குப் போட இடம் தந்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை. திருநங்கைகளுக்கு 2019 சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அதிகபட்சத் தண்டனை வெறும் 2 வருஷம். சட்டம் இப்படி ஓட்டையாக இருக்கிறது. உறைந்துபோவது, தூக்கம் கெடுவது, "நான் ஆம்பளையா" என்று மனசு குத்துவது எல்லாம் ஆண்களுக்கும் வரும். மேலே சொன்ன சிகிச்சை ஆண்களுக்கும் பலிக்கும். உடம்பு அந்த நேரத்தில் ஏதாவது எதிர்வினை காட்டியிருந்தாலும் அது சம்மதம் ஆகாது.

சின்ன வயதில் நடந்தது. முப்பது வயதில் இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடுமையான குற்றங்களுக்குக் காலக்கெடு இல்லை. எப்போது வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். சாட்சி கிடைப்பது கஷ்டமாகும், அது வேறு விஷயம். வழக்கே வேண்டாம் என்றாலும் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிடவில்லை.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தால் மனசு அதிலேயே மாட்டிக்கொள்ளாதா?

மாட்டிக்கொள்ளும். வாய்தாவுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது. இதற்கு மருந்து எனக்குத் தெரியாது. வாச்சாத்தியைத்தான் சொல்வேன். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் மீதே கடத்தல் வழக்குப் போட்டுச் சிறையிலும் அடைத்தார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு. நீதிபதி வேல்முருகன் 2023இல் நேரிலேயே ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அதே செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். 31 வருஷம்.

அந்த 31 வருஷமும் அந்தப் பெண்கள் வழக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். காடு, ஆடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்துகொண்டே நடத்தினார்கள். தனித்தனியாக நடத்தாமல் சேர்ந்து நடத்தினார்கள். வழக்கு போட்ட பெண்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தீர்ப்பு வந்த பிறகு படிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

தோழிக்கு நடந்தது. நான் என்ன சொல்லட்டும்?

"நான் நம்புறேன்", "உன் மேல தப்பில்ல", "இப்ப என்ன வேணும்?" இந்த மூன்று போதும். ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய், ஏன் அப்போதே சொல்லவில்லை, இவை வேண்டாம். அவளைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். கட்டிப்பிடிக்கும் முன் கேளுங்கள். அப்புறம், அவளிடம் பழையபடி சினிமா பற்றியும் மாமியார் பற்றியும் பேசுங்கள். எல்லோரும் மெதுவான குரலில் பேச ஆரம்பிப்பதுதான் அவளைத் தனியாக்கும்.

அவனை மன்னித்தால்தான் நிம்மதி வரும் என்கிறார்களே?

நான் மன்னிக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

இப்போது உங்களை ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதால் பாதி ஊருக்கு "கணக்கு டீச்சர்". வயசானவர்களில் இரண்டு மூன்று பேர் இன்னும் "அந்தப் பொண்ணு" என்பார்கள், காதில் விழும். சில நாள் குத்தும், சில நாள் சிரிப்பு வரும், 44 வயதில் என்ன பொண்ணு என்று. வியாழக்கிழமை ஒரு வாய்தா இருக்கிறது. 19 வயதுப் பெண், முதல் தடவை கூண்டில் ஏறப்போகிறாள். காலை ஆறரை பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் காரம் பிடிக்குமா தெரியவில்லை, இஞ்சி இரண்டு துண்டாக எடுத்துவைக்க வேண்டும்.